அயலாரும் பிற சமயத்தாரும்: பழந்தமிழ்ச் சான்றுகளின் வாசிப்பு குறித்த மறுபார்வை

முன்னுரை

பண்டைத் தமிழர் அயலாரை வேறுபாடின்றி ஏற்றனர் என்பதும், பக்தி இயக்கக் காலத்தில் அம்மனப்பாங்கு மறைந்து சமயப் பகைமை தோன்றியது என்பதும் ஆய்வுரைகளில் தொடர்ந்து இடம்பெறும் கருத்துகளாகும். ஏற்பிலிருந்து பகைமை நோக்கிய இந்நேர்கோட்டு வரைவு, சான்றுகளின் வகையையும் நோக்கத்தையும் கருதாது அமைந்ததாகும். அதன் வரம்புகளை இக்கட்டுரை சுட்டுகிறது.

சங்க இலக்கியத்தில் யவனர்

பட்டினப்பாலை, பல மொழி பேசும் வெளிநாட்டார் புகாரில் கலந்து இனிது வாழ்ந்ததைப் போற்றுகிறது. எனினும், யாருடன் கலந்தனர் என்பதை அந்நூல் வெளிப்படையாகக் கூறவில்லை. பல ஊர்ச் சுற்றத்தார் விழா நிகழும் மூதூரில் திரண்டாற்போல என்பதே அங்குள்ள உவமை. விழாவிற்கு வந்தோர் மீள்வர் என்பதால், இவ்வுவமை நிலைத்த குடியேற்றத்தைக் காட்டிலும் வணிகக் கூட்டத்திற்கே மிகவும் பொருந்துகிறது.

முல்லைப்பாட்டில் யவனர் பாசறை காக்கும் வலிய காவலராகவும், மிலேச்சர் சைகையால் பேசும் பணியாளராகவும் இடம்பெறுகின்றனர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகமோ, சேர மன்னன் யவனரைப் பிணித்து, தலையில் நெய் பெய்து இழிவுபடுத்தியதை வெற்றிச் செயலாகப் போற்றுகிறது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை எனக் கருதப்படினும், அயலாரை ஏற்றல், பணிகொள்ளல், இழிவுபடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே தொகுப்பு மரபிற்குள் பேணப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

சிலப்பதிகாரம் காட்டும் இடவமைப்பு

இந்திரவிழவூரெடுத்த காதை, யவனர் இருப்பிடங்களையும் கடல்வழி வந்தோர் குடியிருப்புகளையும் மருவூர்ப்பாக்கத்தில் வைக்கிறது. நெய்வோரும் கொல்லரும் பரதவரும் வாழ்ந்த பகுதியும் அதுவே. அரச வீதியும் அந்தணர் இருக்கையும் பட்டினப்பாக்கத்தில் அமைகின்றன. எனவே, அயலார் கலந்து வாழ்ந்தது உழைப்போரிடையேயும் வணிகரிடையேயும் எனக் கொள்வது பொருந்தும். நகர் முழுவதற்கும் அதனை விரிப்பதற்கு நூல் இடந்தரவில்லை.

பதிகங்களும் செப்பேடுகளும்

திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் கண்டிப்பது மரபாக அமைகிறது. இது சமயவாதத்தின் குரலாகும். இதனை மட்டும் கொண்டு அடுத்த நூற்றாண்டுகளின் நடைமுறையை அளவிட இயலாது என்பதைச் செப்பேடுகள் உணர்த்துகின்றன.

கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் வரிச் சலுகைகளும் வழங்கியதைப் பதிவுசெய்கின்றன. சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊர் ஒன்றன் வருவாயை அளித்ததைக் கூறுகின்றன. முதலாம் இராசேந்திரன் 1025 அளவில் ஸ்ரீவிசயத்தின்மீது படையெடுத்தான். அதன் பின்னரும் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், ஏறத்தாழ 1090இல், நாகப்பட்டினப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு வழங்கப்பட்டது. சைவம் தழைத்த சோழர் ஆட்சியில், போரையும் கடந்து இவ்வாதரவு தொடர்ந்துள்ளது.

ஆயினும், இதனைப் பொதுமக்களின் சமயப் பொறைக்கு நேரடிச் சான்றாகக் கொள்வதும் பிழையாகும். கொடை அரசின் செயல். கடல் வணிகத்தின் தேவை அதனோடு இணைந்தது. விகாரத்தின் அண்டை வீட்டார் என்ன எண்ணினர் என்பதைச் செப்பேடு கூறுவதில்லை.

முடிவுரை

பாடல் புலவரின் நோக்கையும், பதிகம் சமயத் தலைவரின் வாதத்தையும், செப்பேடு அரசின் ஏற்பாட்டையும் வெளிப்படுத்துகின்றன. இம்மூன்றையும் ‘தமிழர் மனப்பாங்கு’ என ஒன்றாக்குவது முறையியல் பிழையாகும். ஓரூரில் வாழ விடுதல், உரிமை வழங்குதல், பிறர் கொள்கையை மதித்தல் ஆகியவை வேறுவேறானவை. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று இல்லாதிருக்கலாம். இவ்வேறுபாட்டைக் கருதாத ஆய்வு, பழம்பெருமைக்கோ பழிசுமத்தலுக்கோ பயன்படுமேயன்றி, சிறுபான்மையினர் வாழ்ந்த வரலாற்றை விளக்காது.