கவிழ்த்துப் பார்த்து வாங்க ஒரு லேப்டாப்: திங்பேட் டி480

கடையில் லேப்டாப்பைக் கையில் கொடுத்தால் எல்லோரும் மூடியைத் திறந்து திரையைப் பார்ப்பார்கள். நான் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். 'ப்ரோ' என்ற பட்டத்தை இன்று எந்த மெஷினின் பெட்டியிலும் அச்சடித்துவிடலாம். தொழில்முறை லேப்டாப்புக்கும் வீட்டு உபயோக லேப்டாப்புக்கும் உள்ளே ஒரே பிராசஸர்கூட இருக்கலாம். நான்காவது வருடம் ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா, மெஷினையே மாற்ற வேண்டுமா? தரம் பிரிவது அங்கேதான்.

அந்தக் கணக்கில் இன்னும் தோற்காத மெஷின் லெனோவோவின் திங்பேட் டி480. 2018-இல் வந்தது. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, சில வருடங்கள் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டியவை சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் என்று செகண்ட் ஹேண்ட் சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. விலை கடைக்குக் கடை மாறும். இருபதாயிரம் ரூபாயை ஒட்டிப் பேரம் தொடங்கும். என் அன்றாட எழுத்து வேலைக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன்.

அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ. தளர்த்தினாலும் கழன்று விழாமல் மூடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் மேஜைக்கடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதில்லை. கிளிப்புகள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து நகர்த்தினால் விட்டுக்கொடுக்கும். உள்ளே இரண்டு ரேம் ஸ்லாட், இரண்டிலுமே ரேமைக் கழற்றி மாட்டலாம். அதிகாரபூர்வ வரம்பு 32 ஜிபி; 64 ஜிபி போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அதே 2018-இல் வந்த மெல்லிய டி480எஸ்-இல் ரேமின் ஒரு பகுதி போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் கடைக்காரர் அதை எடுத்து நீட்டினால் கவனம். கீபோர்டைக் கழற்றுவதும் இரண்டு ஸ்க்ரூ வேலைதான்; மேல்பக்கமாகவே எடுத்துவிடலாம். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் சர்வீஸ் கையேட்டை லெனோவோவே இலவசமாகத் தருகிறது. வீட்டு உபயோக லேப்டாப் பலவற்றுக்கு அப்படியொரு புத்தகம் கண்ணில் படுவதே அபூர்வம்.

பேட்டரி இரண்டு. 24 வாட்-அவர் ஒன்று உள்ளே நிரந்தரமாக இருக்கும், இன்னொன்று பின்னால் வெளியிலிருந்து மாட்டுவது. வெளிப் பேட்டரி முதலில் கரையும். அது தீர்ந்ததும் மெஷினை அணைக்காமலே உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். அந்த இடைவெளியை உள்பேட்டரி தாங்கும். 72 வாட்-அவர் பெரிய பேட்டரியைப் போட்டால் அடியில் புடைத்து, கீபோர்டு லேசாகச் சாய்ந்து நிற்கும். எனக்கு அந்தச் சாய்வு பிடித்திருக்கிறது. பை கனக்கும் என்பது வேறு விஷயம். அடுத்து வந்த டி490-இல் வெளிப் பேட்டரி வசதியையே எடுத்துவிட்டார்கள். மெல்லிசாகத்தான் ஆனது, மின்வெட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் தமிழ்99-இல் அடிப்பவன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், புள்ளி எஃப் விசையில். விரல் நடுவரிசையை விட்டு அதிகம் அலையாது. எனவே ஒவ்வொரு விசையும் எவ்வளவு ஆழம் இறங்கி எப்படி எழும்புகிறது என்பது நாலு பக்கம் தாண்டியதும் மணிக்கட்டில் தெரிந்துவிடும். இதில் விசை நன்றாக இறங்குகிறது, அழுத்தியது எழுத்தாக விழுகிறது. இடது ஓரத்தில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் இருப்பது மட்டும் எரிச்சல். நல்லவேளை, பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். நடுவிலிருக்கும் சிவப்புக் குமிழ், திங்பேட் ஐபிஎம் கையில் இருந்த காலத்துச் சொத்து, 1992-இன் திங்பேட் 700சி-யில் தொடங்கியது. பழகிவிட்டால் விரலை நடுவரிசையிலிருந்து எடுக்காமலே கர்சரை நகர்த்தலாம். பழகும்வரை திட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

குறை என்றால் திரைதான். 1920×1080 ஐபிஎஸ் திரையின் பிரகாசமே 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் வெயில் ஏறினால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். நிறமும் வெளிறியது. 1366×768 டிஎன் திரையோடும் இந்த மாடல் விற்கப்பட்டது, பழைய சந்தையில் அவையும் கலந்துதான் கிடக்கின்றன. தலையைச் சற்று நகர்த்தினாலே நிறம் மாறினால் அது டிஎன். வாங்காதீர்கள். வீடியோ எடிட்டிங், அச்சுக்கான நிற வேலை செய்பவர்களுக்கு இந்த மெஷின் எப்படிப் பார்த்தாலும் ஆகாது. எழுத்து, கணக்கு, டேலி, சாதாரண புரோகிராமிங் என்றால் எட்டாம் தலைமுறை ஐ5-இன் நான்கு கோர் தாராளம்.

அந்த எட்டாம் தலைமுறை என்பது முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. பக்கத்திலேயே கொஞ்சம் மலிவாக டி470 இருக்கும். அது ஆறாம், ஏழாம் தலைமுறை. லினக்ஸ் போடுவதாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

புதிதாகத்தான் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் 2024-இன் டி14 ஐந்தாம் தலைமுறையைப் பாருங்கள். ரேமைக் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு ஸ்லாட் அதில் திரும்பி வந்திருக்கிறது; மெஷின்களைக் கழற்றிப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட், பழுதுநீக்க எளிமைக்கு 10-க்கு 9 கொடுத்தது. வெளிப் பேட்டரி மட்டும் வரவில்லை.

டி480-தான் என்று முடிவு செய்துவிட்டால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே மூன்று வேலை. பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜர், பென்டிரைவ் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகுங்கள். அந்தக் காலத்துத் திங்பேட் பலவற்றில் டைப்-சி போர்ட்டின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் கோளாறு இருந்து, லெனோவோ அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாமலே ஓட்டப்பட்ட மெஷினில் போர்ட் கெட்டுப்போயிருக்கலாம். கடைசியாக ரீஸ்டார்ட் செய்து எஃப்1 அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால், கடைக்காரர் அதை எடுத்துக்காட்டும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள். அது தெரியாவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்று அந்த இலவசக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.