சுவரில் இருந்ததை வாசித்தவர் யார்?

‘ஹோம்லேண்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நான் முழுதாகப் பார்த்தவனல்ல. தொடங்கிவிட்டுப் பொறுமையில்லாமல் விட்டவன். நான்காம் பருவத்துக்கான விளம்பரப் படத்தில், கறுப்பு ஆடைக்குள் மறைந்த பெண்கள் கூட்டத்தின் நடுவே சிவப்பு முக்காட்டோடு வெள்ளைக்காரக் கதாநாயகி நிற்பாள். ஓநாய்கள் யார் என்று கேட்கத் தேவையில்லை. பெய்ரூத்தின் ஹம்ரா வீதியை ஆயுததாரிகளின் தெருவாகக் காட்டியதும் இத்தொடர்தான். அந்தக் காட்சி படமாக்கப்பட்டதோ இஸ்ரேலில். 2012இல் லெபனானின் சுற்றுலா அமைச்சர் வழக்குப் போடுவேன் என்றார்.

ஐந்தாம் பருவத்துக்காக 2015 ஜூனில், பெர்லினின் புறநகரில் சிரிய அகதி முகாம் ஒன்று செட்டாகக் கட்டப்பட்டது. சுவரில் அரபு இருந்தால்தானே அது முகாமாகத் தெரியும்! எழுத வந்தவர்கள் ஹெபா அமீன், காரம் கேப், ‘ஸ்டோன்’ எனப்படும் டொன் கார்ல். ‘அரேபியன் ஸ்ட்ரீட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்பது இவர்களின் கூட்டுப் பெயர். எகிப்தியப் புரட்சியின் சுவரோவியங்களைத் தொகுத்த ‘வோல்ஸ் ஒஃப் ஃப்ரீடம்’ நூலின் தொகுப்பாளர்களில் டொன் கார்லும் ஒருவர். ஆக, இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலையல்ல.

இரண்டு நாள் எழுதினார்கள். ‘ஹோம்லேண்ட் இனவாதமானது’, ‘ஹோம்லேண்ட் ஒரு பகிடி, எங்களுக்குச் சிரிப்பு வரல்ல’, ‘ஹோம்லேண்ட் வத்தகப்பழம்’. செட்டில் இருந்த எவரும் இது என்ன என்று கேட்கவில்லை. ஒக்டோபரில் தொடர் ஒளிபரப்பாகியது. கதாநாயகி அந்தச் சுவர்களைக் கடந்து நடந்தாள். சில நாட்களில் கலைஞர்களே விஷயத்தை வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் அலெக்ஸ் கன்சா, ஒளிபரப்புக்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று வருந்திவிட்டு, குறும்பை மெச்சவும் செய்தார். அடித்த அடியும் தொடருக்கு விளம்பரமாகப் போய்விட்டதோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

எழுத்தழகு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அவசரத்தில் எழுதிய கோடுகள்தான். இந்தப் படைப்பின் உண்மையான பொருள் பெயின்ட் அல்ல, அந்த இரண்டு நாள் அலட்சியம். அரபு எழுத்து அவர்களுக்கு மொழியல்ல, பயத்துக்கு ஒட்டும் தாள் என்பதை வேறெந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக நிறுவியதில்லை. இன்னொன்று: இனவாத வசனத்தில் அவர்கள் எழுதியது ‘அல் வதன்’. தாயகம். தொடரின் பெயரும் அதுதான், அரபு வாசகனின் சொந்த நாடும் அதுதான். அந்தச் சுவர் அமெரிக்காவை மட்டும் குற்றம் சாட்டவில்லை. இதை எழுதிய பத்திரிகைகள் பெரும்பாலும் சிரிப்போடு நின்றுவிட்டன.

எனக்கொரு மனக்குறையும் உண்டு. முகாம் கடைசிவரை செட்டாகவேதான் இருக்கிறது. படம் எடுப்பவர்களுக்கும் படத்தைக் கிண்டல் செய்பவர்களுக்கும் இடையிலான வழக்கில் சிரிய அகதிக்கு வாயில்லை.

ஆனால் வாசிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கென்ன தகுதி? எங்கட மூத்தம்மா, பேரீச்சம்பழப் பெட்டியில் அரபு எழுத்தைக் கண்டால் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி அலுமாரிக்கு மேலே வைப்பா. அது விலையும் நிறையும் எழுதிய அட்டை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அதே எழுத்தைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்கள். எங்கட வீட்டில் அரபுக் கிதாபுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரவெல்லாம் முழித்திருந்தோம். மரியாதை செய்தவரும் வாசிக்கல்ல, பயந்தவரும் வாசிக்கல்ல.

நானும்தான். அந்தச் சுவர்களின் படத்தை முதலில் கண்டபோது ‘அல் வதன்’ மட்டும் பிடிபட்டது. ஹரகத் இல்லாத அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். பத்து வயதில் குர்ஆனை ஓதி முடித்தவன் நான். தெரிந்த மௌலவி ஒருவரிடம் காட்டினேன். ‘பத்தீக்’ என்று சரியாக வாசித்தார். வத்தகப்பழத்துக்கும் வதனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ராத்தா லெபனானில் வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருஷம் இருந்து வந்தவ. அவவுக்கு அரபு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

“எங்கட மெடம் கோவம் வந்தா இதத்தான் செல்லுவா. நாங்க சம்பளம் கேட்டா, பலா சம்பளம், பலா பத்தீக். சம்பளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல எண்டு அர்த்தம், தம்பி.”