அகலம் முதலில், உயரம் பிறகு

ஆண்டுகளும் அட்டவணைகளும் நிறைந்த ஒரு தமிழ் வரலாற்று நூலைப் பக்கம் அமைக்கும்போது எண்களை எந்த வடிவில் வைப்பது? ஓப்பன்டைப் எழுத்துருக்கள் இரு தெரிவுகளைத் தருகின்றன. ஒன்று உயரம். ‘லைனிங்’ வடிவில் எல்லா எண்களும் சம உயரம். ‘ஓல்டுஸ்டைல்’ வடிவில் 0, 1, 2 குட்டையாக இருக்கும். 6, 8 மேலே எழும். 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். மற்றொன்று அகலம். ‘டேபுலர்’ எல்லா எண்களுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கும். ‘புரோபோர்ஷனல்’ அதனதன் உருவத்துக்கேற்ற இடம் தரும்.

நூல் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றித்தான் வாதிடுகிறார்கள். ஓடும் உரையில் ஓல்டுஸ்டைலே தகும் என்பது அச்செழுத்துக் கலை நூலாசிரியர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் போன்றோரின் கட்சி. ஆங்கிலத்துக்கு அது சரி. அங்கே சிறிய எழுத்தின் உயரத்தோடு 0, 1, 2 ஒத்துப்போகும். தமிழிலும் இகரக் குறி மேலே ஏறுகிறது, உகரக் குறி கீழே இறங்குகிறது என்று அவர்கள் சார்பில் வாதிடலாம். ஆனால் ப, ட, ம போன்ற எழுத்துகளின் உயரம் பல எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தைவிடக் கூடுதல். விளைவாக 2010 வரியில் குறுகி உட்கார்ந்துவிடும். 1967 மேலும் கீழும் துள்ளும். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால், ஒரு காலம் இன்னொன்றைவிட முக்கியம் என்ற பொய்த்தோற்றம் எழும்.

தமிழ் எண்களையே வைக்கலாமே என்றால், ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை முறையே க, உ, ச, எ, அ போலத் தெரிகின்றன. உரைநடையில் கண் தடுக்கும். பன்னிரண்டை ௰௨ என்பதா, ௧௨ என்பதா என்ற குழப்பமும் உண்டு. தமிழ் எண்கள் யூனிகோடில் தனி எழுத்துகள். 1 என்று தட்டச்சு செய்துவிட்டு எழுத்துரு வசதியால் ௧ எனக் காட்டினால், தேடுபவருக்கும் நகலெடுப்பவருக்கும் 1தான் கிடைக்கும். அத்தியாய எண்களுக்கு அவற்றை நேரடியாகத் தட்டச்சு செய்து பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எஞ்சுவது லைனிங். அதன் குறை, ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் நின்று வரியில் துருத்துவது. இதற்கு மருந்து பழையது: 1788 வாக்கில் லண்டன் பதிப்பாளர் ஜான் பெல்லுக்காக அச்செழுத்து வெட்டுநர் ரிச்சர்ட் ஆஸ்டின் வெட்டிய எண்கள் ஏறக்குறைய முக்கால் உயரத்தில் ஒரே வரிசையாக நின்றன. நாமும் எண்களைச் சற்றே சிறிதாக்கித் தமிழ் எழுத்தோடு ஒட்டவைக்கலாம். அதிகம் சுருக்கினால் கோடு மெலிந்துவிடும். அச்செடுத்துப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் பெரிய கோளாறு அகலத்தில் இருக்கிறது. பல எழுத்துருக்கள் இயல்பாகவே டேபுலர் எண்களைத்தான் கொடுக்கின்றன. அப்போது ‘1911இல்’ என்பதில் ஒவ்வொரு ஒன்றின் இருபுறமும் வெள்ளை விழுந்து ஆண்டே சிதறுகிறது; வேற்றுமை உருபின் எழுத்துகள் மட்டும் நெருங்கி நிற்கின்றன. புரோபோர்ஷனலுக்கு மாற்றினால் இது உடனே தீரும். அதையே அட்டவணையில் போட்டால் இலக்கங்கள் நேர்க்கோட்டில் நில்லாமல் கூட்டுத்தொகை படிக்க முடியாமல் போகும். ஆகவே ஒரே நூலுக்குள் இரண்டும் தேவை. பத்திப் பாணியிலும் அட்டவணைப் பாணியிலும் இவற்றைத் தனித்தனியே பதிந்துவிட வேண்டும். எண் எண்ணாகத் தேர்ந்து மாற்றினால் அடுத்த திருத்தத்தில் விட்டுப்போகும்.

எச்சரிக்கை ஒன்று: எழுத்துருவில் இல்லாத வசதியைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சதுர அடைப்புக்குறிக்குள் காட்டும், தேர்ந்தாலும் எதுவும் மாறாது. மின்நூலில் வாசகர் எழுத்துருவை மாற்றினால் நம் ஏற்பாடு மறையக்கூடும். எனவே பொருள் எண்ணின் வடிவத்தை நம்பியிருக்கக் கூடாது.

என் தீர்ப்பு: உரைக்கு உயரம் சற்றுக் குறைத்த புரோபோர்ஷனல் லைனிங்; அட்டவணைக்கு டேபுலர் லைனிங். தமிழ் எழுத்தின் உயரத்துக்கென்றே வரையப்பட்ட ஓல்டுஸ்டைல் எண்கள் கொண்ட எழுத்துரு கையில் இருந்தால் மட்டும், உரையைப் பொறுத்தவரை இதை மறுபரிசீலனை செய்யலாம்.