கதம்பமும் நாரும்

சுசீலா ராமனின் முதல் தனி இசைத்தொகுப்பான 'ஸால்ட் ரெயின்' 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசுக்குரிய அவ்வாண்டுப் பட்டியலிலும் இடம் பெற்றது. கடைசிக் காலத்தில் அடையாறு கலாக்ஷேத்திரத்தில் இருந்த மைசூர் வாசுதேவாச்சாரின் ஹிந்தோளக் கீர்த்தனை ஒன்று, தியாகையரின் ஆபேரி, அமெரிக்கரான டிம் பக்லியின் ஆங்கிலப் பாட்டு, சொந்தப் பாட்டுகள் சில. பக்கத்தில் கித்தாரும் தபலாவும். 'அவியல்' என்று ஒதுக்கிவிடுவது சுலபம்.

ஆனால் அவியல் வேறு, கதம்பம் வேறு. மயிலாப்பூர் மாட வீதியில் பூ வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். கதம்பத்தில் மருவின் வாசனை மருவுக்கு, மல்லிகையின் வாசனை மல்லிகைக்கு. சேர்த்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியாத நார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தொகுப்பில் நார் உண்டா என்பதுதான்.

'நகுமோமு'வை எடுத்துக்கொள்வோம். முசிரி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டால் வீடுதோறும் புகுந்த கீர்த்தனை அது. தட்டுக்காக அன்றைக்கே கீர்த்தனைகள் சில நிமிஷங்களுக்குள் சுருங்கின. எனவே சுசீலாவிடம் நிரவல் இல்லை, ஸ்வரம் இல்லை என்று குறைப்படுவது நியாயமாகாது. பாவம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இராமன் வரத் தாமதிப்பதேன், கருடன் தூரத்தைக் காரணம் காட்டினானோ என்று தியாகையர் ஏங்குகிறார். தஞ்சாவூர்ப் பூர்வீகம், 1973-இல் லண்டனில் பிறப்பு, ஆஸ்திரேலியாவில் வளர்ப்பு, வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியே ராக்கும் ப்ளூஸும் என்று வாழ்ந்தவருக்குத் தூரம் அலங்காரச் சொல் அல்ல. அந்த ஏக்கம் குரலில் கேட்கிறது. கடலில் போகிறவனை அழைக்கும் மோகினியைப் பற்றிய பக்லியின் பாட்டிலும் அதே ஏக்கம். நார் அதுதான்.

எல்லா இடத்திலும் அது பிடிப்பாக இல்லை. கணபதி துதியில் தாளத்தின் ஆரவாரம் முன்னே வந்து, வேண்டுதல் பின்னே போய்விடுகிறது. தாள வாத்தியக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பிள்ளையாரிடம் யாருக்கும் காரியம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் பூ உதிர்கிறது.

வித்வான்கள் வேறொரு ஆட்சேபம் சொல்வார்கள்: சம்பிரதாயம் கெட்டுவிடாதா? டிசம்பரில் சபா சபாவாக நூற்றுக்கணக்கான கச்சேரிகள் நடக்கும் ஊரில், ஒரு தட்டால் கெட்டுப்போகிற சம்பிரதாயம் எவ்வளவு பலஹீனமானதாக இருக்க வேண்டும்! எனக்குள்ள பயம் வேறு. பாடாந்தரம் துளியும் பிசகாமல், அர்த்தத்தில் மனசு துளியும் ஒட்டாமல் பாடப்படும் 'நகுமோமு'க்களையும் இதே ஊரில் கேட்கிறோம். பூரித்துத் தலையாட்டிவிட்டுக் காண்டீனுக்குப் போகிறோம்.

கீர்த்தனையைப் பாதுகாப்பது இலக்கணம் மட்டுமல்ல. அதைப் பாடித் தீர வேண்டிய அவசியம் ஒருவருக்காவது இருக்க வேண்டும். சுசீலா ராமனுக்கு இருந்திருக்கிறது.