தூங்கிக்கொண்டே எழுதிய விமர்சனம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழியில், மதியக் கச்சேரி ஒன்றைப் பற்றி எழுதினேன். பாடியவர் ஓர் இளம் பாடகி. பிரதான ராகம் பூர்விகல்யாணி. ஆலாபனை நன்றாக இருந்தது, ஆனால் நிரவலை இரண்டே சுற்றில் முடித்துவிட்டார், உழைப்பு போதவில்லை என்பது என் தீர்ப்பு. எழுதி முடித்ததும் ஒரு திருப்தி. முகஸ்துதி இல்லாமல் கறாரா எழுதியாச்சு!

மூன்று வாரம் கழித்து அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு யூட்யூபில் வந்தது. வேறு ஏதோ வேலை செய்துகொண்டே ஓடவிட்டேன். நிரவல் வந்தபோது கை நின்றுவிட்டது. பதினோரு நிமிஷம். கீழ்க்காலம், மேல்காலம் இரண்டும் இருந்தன. வயலின்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் சொல்கிறார், பாடகி அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறார். நல்ல நிரவல். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்?

நோட்டைப் புரட்டினேன். அன்று அது எனக்கு மூன்றாவது கச்சேரி. அதற்கு முன் சபா கேண்டீனில் இலை போட்டு முழுச் சாப்பாடு. நோட்டில் ஆலாபனைக்கு அரைப் பக்கம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பிறகு "தனி" என்று ஒரு கிறுக்கல். தூங்கியிருக்கிறேன். தூங்கினோம் என்பதே தெரியாத தூக்கம்.

தூங்கினதுகூடப் பரவாயில்லை, மனுஷன்தானே. "இரண்டே சுற்று" எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. பொய் எழுதவேண்டும் என்று நான் உட்காரவில்லை. மதிய நேரம், சின்ன வயசுப் பாடகி, ஒன்றரை மணி நேரக் கச்சேரி, அப்போ நிரவல் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று மனசு தானாகவே அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. கேட்காத இடத்தில் என் முன்முடிவு உட்கார்ந்துகொண்டது. அதை நான் காதால் கேட்டதாகவே எழுதிவிட்டேன்.

இதில் பாதிப்பு யாருக்கு? மாலைக் கச்சேரி செய்கிற பெரிய வித்வானுக்கு என் வரி ஒரு கொசுக்கடி. ஆனால் மதியம் பாடுகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்களே குறைவு. அந்த சீசனில் அவரைப் பற்றி நான் பார்த்த ஒரே விமர்சனம் நான் எழுதியதுதான். அவர் பேரைத் தேடுகிற ஒரு சபாக்காரர் கண்ணில் படுவது "உழைப்பு போதவில்லை" என்கிற வரி. அதை எழுதினவன் தூங்கினான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

புத்தகங்களைப் பற்றியும் நான் தப்பாக எழுதியிருக்கிறேன். ஒரு முதல் நாவலில் ஒரே சம்பவம் இரண்டு முறை வருகிறது, எடிட்டர் தூங்கிவிட்டார் போல என்று கிண்டல் பண்ணினேன். (தூக்கம் என்னை விடுவதாக இல்லை.) ஒரு வாசகர் மெயில் போட்டார்: இரண்டாவது தடவை கதை சொல்வது தம்பி, அண்ணன் இல்லை, திரும்பப் படிங்க. படித்தேன். அவர் சொன்னது சரி. அரைமணி நேரத்தில் திருத்திவிட முடிந்தது. காரணம், புத்தகம் அலமாரியில் இருக்கிறது. என்னை யார் வேண்டுமானாலும் பக்கம் புரட்டிப் பிடிக்கலாம்.

கச்சேரி அப்படி இல்லை. மங்களம் பாடினதும் அது போய்விட்டது. ஹாலில் இருந்த நாற்பது பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயாச்சு. எல்லாக் கச்சேரிக்கும் பதிவு வருவதில்லை. மிச்சம் இருப்பது நான் எழுதுவதுதான். சாட்சியும் நானே, நீதிபதியும் நானே.

நமக்கு முன்னால் எழுதினவர்களை இந்தக் கண்ணோடு மறுபடி யோசித்துப் பார்த்தேன். கல்கி ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பேரில் சங்கீத விமர்சனம் எழுதினார். பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்குப் பழம்பாணி ஆசாமி என்றும் அர்த்தம் உண்டு, ஆக பேரிலேயே ஒரு சிரிப்பு இருக்கிறது. சுப்புடு மத்திய அரசு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இரண்டு பேருமே கச்சேரி பாடிப் பிழைத்தவர்கள் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் தைரியம். சுப்புடுவிடம் நான் கற்றுக்கொண்டதாக நினைத்தது அந்தக் கொட்டுகிற வாக்கியம். ரொம்ப நாள் அதைத்தான் காப்பி அடித்தேன். கொட்டுவதற்கு முன்னால் அவர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

இலக்கியப் பக்கம் இதே சண்டை ரொம்பப் பழசு. க.நா.சு. நல்ல நாவல்கள் இவை என்று பட்டியல் போடுவார். ஏன் என்று விரித்துச் சொல்வது குறைவு. அவர் ரசனையை நம்பு, போய்ப் படி, அவ்வளவுதான். 1959இல் "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா வேறு கட்சி: அலசு, பிரதியிலிருந்து காரணம் காட்டு. முன்பெல்லாம் எனக்கு க.நா.சு. வழிதான் பிடிக்கும். செல்லப்பா வழி கொஞ்சம் வறட்சி என்று நினைப்பேன். இப்போது தோன்றுகிறது, பட்டியல் போட க.நா.சு. அளவு படித்திருக்க வேண்டும். அந்த மூலதனம் இல்லாத நமக்குச் செல்லப்பா வழிதான் பாதுகாப்பு. காரணம் எழுத உட்கார்ந்தால், கேட்கவில்லை என்பது நமக்கே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம். பந்துவராளியையும் பூர்விகல்யாணியையும் பிரிப்பது முக்கியமாக தைவதம். முதலாவதில் சுத்த தைவதம், இரண்டாவதில் சதுஸ்ருதி தைவதம். "உருக்கமான பந்துவராளி" என்று எழுதுவது சுலபம். எந்தத் தைவதத்தில் நின்றார், அங்கிருந்து எப்படி இறங்கினார் என்று எழுதப் போனால், அது பூர்விகல்யாணி ஆச்சே என்று அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். இதையும் நான் ஒரு முறை அனுபவிச்சிருக்கேன்.

"உனக்குப் பாடத் தெரியுமா? அப்புறம் என்ன விமர்சனம்?" என்று இப்போதும் கேட்கிறார்கள். தெரியாது. எனக்கு இருப்பது கேட்டவன் என்கிற உரிமை மட்டும்தான். கேட்கவில்லை என்றால் அதுவும் போச்சு.

அதனால் இப்போது நாளைக்கு ஒரு கச்சேரி, மிஞ்சினால் இரண்டு. சாப்பாடு கச்சேரிக்கு அப்புறம். நோட்டில் எதுவும் எழுதாத பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எந்த வரிசையில் உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மிருதங்கம் அமுக்குகிறது என்று ஒரு தடவை குறை சொன்னபோது, நான் ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்தேன்.

அந்தப் பழைய பதிவை நான் எடுக்கவில்லை. மேலேயே, நிரவலின்போது நான் தூங்கிவிட்டேன், அது பதினோரு நிமிஷம், நன்றாக இருந்தது என்று சேர்த்தேன். பாடகிக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: "பரவாயில்ல சார், அன்னிக்கு ஹால்ல பாதிப் பேர் தூங்கிட்டுதான் இருந்தாங்க. எழுதினது நீங்க மட்டும்தான்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, குட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.