வெற்றி நினைவும் வெற்று ஏடும்

இலக்கியம் என்றவுடன் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றையே எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும் பெருந்தொகையான மக்கள் நாள்தோறும் தாமே படைத்துத் தாமே கேட்டு மகிழும் கதைவகை வேறொன்று உண்டு. பழைய வெற்றி ஒன்றை நினைவுகூரும் கதை அது. கல்முனைக் கடைத்தெருவிலும், மருதமுனைத் தறிகளின் அருகிலும், நாவிதன்வெளி வயல் வரம்புகளிலும் அது சொல்லப்படுகிறது. பாடசாலைகளின் பொன்விழா மலர்களில் அச்சேறவும் செய்கிறது. "அந்த வருஷத்து அணியைப் போல இனி ஒன்று வராது" என்பது அதன் வழக்கமான முதல் வாக்கியம். இக்கதைக்கு ரசிகர் பலர் உளர், விமர்சகர் இலர். விமர்சனம் இல்லாத இலக்கியம் தன் பொய்களைத் தானே நம்பத் தொடங்கிவிடும். ஆதலின் இக்கதைவகையை அதன் மிகத் தெளிவான ஓர் உதாரணத்தின் மூலம் ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம். அவ்வுதாரணம் நமது நாட்டதன்று. ஆனால் அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது.

அமெரிக்காவின் வடபுற மாநிலங்களுள் ஒன்றாகிய மினசோட்டாவின் சர்வகலாசாலைக் கூடைப்பந்து அணி, 1996-97 பருவத்தில் முப்பத்தொரு ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது. 'பிக் டென்' எனப்படும் சர்வகலாசாலைக் கூட்டமைப்பின் முதலிடத்தைப் பெற்றது. தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக இண்டியானாபொலிஸ் நகரம் சென்று, அங்கே கென்டக்கி அணியிடம் தோல்வியுற்றது. அச்சர்வகலாசாலையின் சரித்திரத்தில் அதற்கு முன் அவ்வளவு தூரம் சென்ற கூடைப்பந்து அணி கிடையாது. பனி உறைந்த மாரிகாலத்து நகரங்களில் மக்கள் அடைந்த களிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1999-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆந் தேதி, சென்ற் போல் நகரத்துப் 'பயனியர் பிரஸ்' நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. விளையாட்டு வீரர்களின் படிப்புக்கு உதவுவதற்காக அமைக்கப்பட்ட பிரிவின் அலுவலக ஊழியர் ஒருவர், பல ஆண்டுகளாக ஏறத்தாழ நானூறு கட்டுரைகளையும் பயிற்சிகளையும் வீரர்களுக்காகத் தாமே எழுதிக் கொடுத்தார் என்பதே அச்செய்தி. பின்னர் நடந்த விசாரணை, குறைந்தது பதினெட்டு வீரர்கள் இதில் சம்பந்தப்பட்டிருந்தனர் எனக் கண்டது. பயிற்சியாளர் கிளெம் ஹஸ்கின்ஸ் பதவியை இழந்தார். 2000-ஆம் ஆண்டில் தண்டனை விதிக்கப்பட்டது. தேசியப் போட்டியில் பெற்ற இடமும் கூட்டமைப்பின் முதலிடமும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. செய்தியை எழுதிய நிருபர் ஜோர்ஜ் டோர்மனுக்கு அவ்வாண்டின் புலிற்சர் பரிசு கிடைத்தது. ஆனால் செய்தி வெளிவந்த நாளில் அவருடைய பத்திரிகைக்குக் கிடைத்தவை வசைகளே. மறுநாள் அணிக்கு முக்கியமான ஆட்டம் ஒன்று இருந்தது. நான்கு வீரர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டனர், அணி தோற்றது. வாசகர் பலர் சந்தாவை நிறுத்தினர். மாநில ஆளுநரே செய்தி வெளியான வேளையைக் கண்டித்தார். ஏமாற்றியவர் மீதன்றி, ஏமாற்றை அறிவித்தவர் மீதே முதற் கோபம் பாய்ந்தது.

இவையெல்லாம் நடந்த பின்னரும் அப்பருவத்தின் மீது ரசிகர் கொண்ட அன்பு குறையவில்லை. அவர்கள் மோசடியை மறுப்பவர்களல்லர். அதை அறிந்துகொண்டே அணியை நேசிக்கிறார்கள். நம் ஆராய்ச்சிக்கு உரிய இடம் இதுவே. அறியாமையால் எழும் நினைவை ஒரு செய்தி திருத்திவிடும். அறிந்தபின்னும் நிலைக்கும் நினைவை ஆராயத்தான் விமர்சனம் தேவை.

இத்தகைய கதைகளின் மொழியைக் கவனியுங்கள். வெற்றியைப் பேசும்போது வாக்கியத்தின் எழுவாய் 'நாம்'. நாம் வென்றோம், நாம் இறுதிவரை சென்றோம் என்பார்கள். கூட்டத்தில் இருந்து கைதட்டியவனும், வீட்டில் இருந்து வானொலி கேட்டவனும் அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் இடம்பெறுகிறார்கள். மோசடியைப் பேச நேர்ந்ததும் எழுவாய் மாறுகிறது. அவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்பார்கள். அல்லது எழுவாயே மறைந்து, தவறு நடந்துவிட்டது என்று வாக்கியம் முடிந்துவிடும். செய்தவன் இல்லாத செயலாக மோசடி நிற்கிறது. வெற்றிக்கு அனைவரும் பங்காளிகள். குற்றத்துக்கு உரிமையாளர் இல்லை. முன்னிலையாரையும் உள்ளடக்கும் 'நாம்' என்றும், அவரை விலக்கும் 'நாங்கள்' என்றும் இரு சொற்களை வைத்திருக்கும் தமிழருக்கு இந்தத் தந்திரம் எளிதில் விளங்கும். யாரை உள்ளே அழைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதை ஒரு பிரதிப்பெயரே தீர்மானித்துவிடுகிறது.

ரசிகர் தரப்பு நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். பந்து வளையத்தினுள் விழுந்தது உண்மை. வீரர்கள் ஓடியதும் வியர்த்ததும் உண்மை. எங்கள் மகிழ்ச்சியும் உண்மை. பதிவேட்டை அழித்தால் நடந்தது நடவாததாகுமா? இக்கேள்வியில் வலு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்ட ஆட்டத்தை ஒரு காரியாலயத்தின் அழிறப்பர் இல்லையென்றாக்க முடியாது. அதிகாரிகளின் தண்டனையும் ஒருவகைப் பொய்யே எனலாம். பதிவேட்டில் வெற்றிடம் விட்டார்கள். பணத்தின் கதை வேறாக ஓடியது. விலகிய பயிற்சியாளருக்குச் சர்வகலாசாலை பதினைந்து இலட்சம் டொலர் கொடுத்து அனுப்பியது. 2002-இல் அதில் எட்டு இலட்சத்துப் பதினையாயிரம் டொலரைத் திருப்பிக் கொடுக்குமாறு உத்தரவாயிற்று. கணக்கைப் பார்த்தால், அழிக்கப்பட்ட வெற்றியின் விலையாக ஆறு இலட்சத்து எண்பத்தையாயிரம் டொலர் ஒருவரிடம் எஞ்சியது.

ஆயினும் ரசிகரின் நியாயம் ஓரிடத்தில் தடுமாறுகிறது. நினைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதே அவ்விடம். அது நடுவரின் ஊதலோடு தொடங்கி ஊதலோடு முடிந்துவிடுகிறது. மைதானத்துக்கு வெளியே ஓர் அறையில் ஓர் ஊழியர் இருபது வயது இளைஞனின் பெயரில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த இரவுகள் அதில் இடம்பெறுவதில்லை. அக்கட்டுரைக்குப் புள்ளியிட்ட ஆசிரியர் இடம்பெறுவதில்லை. ஆட்ட வயது கழிந்தபின், பட்டமோ படிப்போ இன்றி ஊர் திரும்பியவன் இடம்பெறுவதில்லை.

'அந்த இளைஞர்களுக்கு என்ன நட்டம்? எழுதும் வேலை மிச்சமாயிற்றே' என்று கேட்பாருளர். பொருளாதார உறவுகளை நோக்குமிடத்து இக்கேள்வியின் பொய்மை புலனாகும். சர்வகலாசாலை வீரருக்கு அக்காலத்தில் ஊதியம் கொடுப்பது விளையாட்டுச் சங்கத்தின் விதிகளுக்கு விரோதம். அரங்கச் சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் என்பனவற்றால் பெரும் பணம் குவிந்தது. பயிற்சியாளர் சம்பளம் பெற்றார். ஆடியவன் தன் பெயரால் ஒரு சதம் பெறுவதற்கும் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவனுக்கு வாக்களிக்கப்பட்ட கூலி கல்வி ஒன்றே. அணிகளில் பெருந்தொகையினர் கறுப்பின இளைஞர். அவர்களுள் பலர் வறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கல்வியின் பெறுமதி பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே வேறொருவர் எழுதிக் கொடுத்த கட்டுரை, உழைத்தவன் கையில் வைக்கப்பட்ட செல்லாக்காசு. சலுகை என்ற பெயரில் நடந்தது கூலித் திருட்டு. அவன் அதை விரும்பியே வாங்கினான் என்பது திருட்டை நியாயமாக்காது. நாளெல்லாம் பயிற்சியில் பிழியப்பட்டவனுக்குப் படிக்க நேரம் தராத அமைப்பே, படிக்காமல் தேறும் வழியையும் அவனுக்குக் காட்டிற்று.

இது ஓர் இடத்து விபத்தன்று. வட கரோலினா சர்வகலாசாலையில் 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகளாக, வகுப்பே நடவாத பாடங்கள் இருந்தன. ஒரு கட்டுரை கொடுத்தாற் போதும். அதற்குப் புள்ளியிட்டவரும் பல வேளைகளில் ஆசிரியரல்லர், அலுவலகச் செயலாளரே. 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, மூவாயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மாணவர் இவற்றில் சேர்ந்திருந்தனர் எனவும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர் எனவும் கூறியது. 2017-இல் விளையாட்டுச் சங்கம் சர்வகலாசாலைக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அப்பாடங்கள் வீரருக்கு மட்டுமன்றி எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன. ஆதலால் விளையாட்டு விதி மீறப்பட்டதாக முடிவு செய்ய இயலாது என்பது காரணம். அனைவரையும் ஏமாற்றியதால் குற்றம் குறைந்ததாம்! 2005-ஆம் ஆண்டின் தேசியச் சம்பியன் பட்டம் இன்றும் அச்சர்வகலாசாலையிடமே இருக்கிறது. இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. பொய்ப் பாடங்கள் நடந்தது கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கும் துறையில். நெடுங்காலப் போராட்டங்களின் பயனாக அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் இடம்பெற்ற துறை அது. அதனையே வெற்றுத் தாளாக்கினார்கள்.

இனி நம்மிடம் வருவோம். நமது பாடசாலை விளையாட்டில் தொலைக்காட்சிப் பணம் புரள்வதில்லை. ஆனால் வெற்றியைக் கொண்டாடி அதன் வழியை மறக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. நம் நாட்டில் அது பரீட்சைப் பெறுபேற்றைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாயின. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதிய பரீட்சை அது. ஆண்டிறுதியில் உயர் நீதிமன்றம், அம்மூன்று வினாக்களுக்கும் அனைவருக்கும் புள்ளி வழங்கிப் பெறுபேற்றை வெளியிடத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியானதால் பரீட்சை இரத்துச் செய்யப்பட்டு மீண்டும் நடத்தப்பட்டது. நெல்விளையும் அம்பாறைப் பிள்ளைகளும் நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு அதனை இருமுறை எழுதினார்கள்.

மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் புள்ளி கொடுத்தால் எண்ணிக்கை சமமாகிவிடுகிறது. அவ்வினாக்களுக்குத் தன் அறிவால் விடையளித்த பிள்ளையின் உழைப்பு எங்கே போயிற்று? மினசோட்டாவின் பதிவேட்டில் விழுந்த வெற்றிடமும் இதுவும் ஒரே இனம். சட்டம் இலக்கத்தைத் திருத்தவல்லது. இழந்த உழைப்பைத் திருப்பித் தர அதனால் இயலாது. கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்ந்து நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போகும் மாரி நாட்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த நீரைக் கடந்து வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் பரீட்சையின் நேர்மை என்பது அறநூற் சொல் அன்று. செல்வமும் செல்வாக்கும் இல்லாதவனிடம் இருக்கும் ஒரே முதல் அது. 1945 முதல் இந்நாட்டில் நிலவும் இலவசக் கல்வியும் அந்த முதலை நம்பியே நிற்கிறது. மோசடி எங்கே நடந்தாலும் கடைசியில் அதன் விலையைக் கொடுப்பவன் குறுக்குவழி தெரியாதவனே.

இவ்வாறு கூறுவதால் வெற்றியை நினைவுகூரல் ஆகாது என்பது நம் கட்சியன்று. ஊர் கூடி மகிழ்ந்த ஒரு பொழுது மக்களின் உடைமை. அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. நாம் வேண்டுவது முழுமையான நினைவு. பொன்விழா மலருக்குக் கட்டுரை எழுதும் பழைய மாணவர், கோல் அடித்தவனின் பெயரோடு அவன் பின்னர் என்ன ஆனான் என்பதையும் எழுதட்டும். தொண்ணூறு வீதச் சித்தி என்று பெருமைப்படும் பாடசாலை, பெறுபேறு கெட்டுவிடும் என்று பரீட்சைக்கு முன்பே ஒதுக்கப்பட்ட பிள்ளை எவனேனும் உண்டா என்பதையும் சொல்லட்டும். பிழையைச் சுட்டிக்காட்டிய ஆசிரியரை ஊரின் பெயரைக் கெடுத்தவர் என்று தூற்றும் வழக்கம் ஒழியட்டும். அவர்தான் ஊரின் பெயரை உண்மையில் காத்தவர்.

ஒரு நினைவின் தரத்தை அளக்க நாம் கூறும் அளவுகோல் இதுவே: அவ்வெற்றிக்காக விலைகொடுத்தவனை அழைத்து வந்து முன்வரிசையில் இருத்தி, அவன் முகத்துக்கு நேரே அக்கதையைச் சொல்ல முடியுமா? முடியுமாயின் அது மக்கள் இலக்கியம். முடியாதெனின், எத்தனை கைதட்டல் கிடைத்தாலும் அது அவனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. இவ்வாண்டு மலர்களுக்கு எழுத அமரும் ஆசிரியரும் மாணவரும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பார்களாக.