ஆளும் பணமும்: தனிநபர் சத்தியாக்கிரகம் குறித்து ஒரு மதிப்பீடு

1943இல் புகையிலைக்கு மத்திய கலால் வரி விதிக்கப்பட்டது. போர்ச் செலவுக்கு வருவாய் தேடியே அது வந்தது. புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல் சமவெளியில் சுருட்டுப் பற்றவைத்த கூலியாளும் அன்று முதல் உலகப் போருக்குப் பணம் தந்தவரானார். அவரது இசைவை எவரும் கேட்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தனிநபர் சத்தியாக்கிரகத்தை மதிப்பிட முனையும்போது இவரையே நாம் முன்னிறுத்த விரும்புகிறோம்.

அக்டோபர் 17 அன்று பவ்னாரில் வினோபா பாவே தொடங்கிவைத்த அவ்வியக்கத்தின் முழக்கம் இரு கூறுகளை உடையது. பிரிட்டிஷாரின் போர் முயற்சிக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுதல் தவறு என்பது ஒன்று. எல்லாப் போரையும் அகிம்சை வழியில் எதிர்ப்பதே தகும் என்பது மற்றொன்று. அப்போதைய காங்கிரஸ் தலைவர் மௌலானா அபுல் கலாம் ஆஸாதுக்கு இரண்டாவதில் உடன்பாடில்லை. விடுதலை பெற்ற இந்தியா போரில் பங்கேற்கலாம் என்பதே அவர் நிலை. எனினும் அவரும் சிறை புகுந்தார். முதற்கூறு ஒன்றே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

அந்த முதற்கூறிலும் 'ஆள்' பற்றிய மறுப்பு நமக்குப் புதிதன்று. ஆங்கிலேயப் படையில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஹராம் என 1921இல் கராச்சி கிலாஃபத் மாநாடு தீர்மானித்தது. மௌலானா முஹம்மது அலீ முதலானோர் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். சிக்கல் பணத்தில்தான். நன்கொடை எனத் திரட்டிய போர் நிதிக்குக் கொடாதிருத்தல் எளிது. பெருந்தொகை அவ்வழி வரவில்லையே! லண்டனில் வரவு வைத்த ஸ்டெர்லிங்கை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி நோட்டுகளை வெளியிட்டது. போர்க்காலத்தில் அவற்றின் புழக்கம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிற்று. விலையேற்றம் என்ற பெயரில் அதனைச் செலுத்தியவர் ஏழை.

போரில் சிக்கிய பிரிட்டனை இக்கட்டுக்குள்ளாக்க விரும்பாத காந்தியடிகள், தேர்ந்தெடுத்த சிலர் முன்னறிவிப்புத் தந்து பேசிக் கைதாவதோடு இயக்கத்தை நிறுத்திக்கொண்டார். 1941 மே மாதத்துக்குள் 25,000க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அத்தியாகத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் மறுக்கப்பட்டது பணமன்று. பணம் தரலாகாது என்று சொல்லும் உரிமைக்கான போராட்டமாகவே அது முடிந்தது. இதனை அறநுட்பம் என்று போற்றுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. மறைமுக வரியை மக்கள் மறுக்க இயலாது என்பாரும் உளர். 1930இல் வேதாரண்யத்தில் மக்கள் கையால் அள்ளிய உப்பு அவர்களுக்கு விடை கூறும். புகையிலை வரி வந்தபோதோ, அத்தகைய வழியைக் காட்டவல்ல தலைவர்கள் 1942 ஆகஸ்ட் முதல் சிறையில் இருந்தனர்.